பதினாலாம் நம்பர் கட்டில்

இந்தக் கதைக்கு யாரும் உம் கொட்ட வேண்டாம். எல்லாவற்றுக்கும் உம் கொட்டி உம் கொட்டித்தான் எங்கள் ஊர் இப்படி ஆகிக் கிடக்கிறது. சும்மா கேட்டால் போதும்.

காவிரிக் கரையில், தறிச் சத்தம் நின்றால் கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழுகிற ஊர் ஒன்றில், நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லுக்குப் பின்னால் இருக்கும் வீதியில், நான்கு தறி வாடகைக்கு ஓட்டும் அர்த்தநாரிக்கும் ஈஸ்வரிக்கும் ஒரே மகளான கோகிலவாணி, பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நாற்பத்தோரு நாள் இருந்துவிட்டு, தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி வெயிலில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி அம்மாவோடு வீட்டுக்கு நடந்தபோது, அங்கே அவள் படுத்திருந்த இரும்புக் கட்டிலும் பத்தடி பின்னால் நடந்து வந்தது.

பச்சைப் பெயிண்ட் உரிந்த கட்டில். தலைமாட்டுத் தகட்டில் 14 என்று வெள்ளையில் எழுதி, அதன் கீழே ‘மனநலப் பிரிவு, பெண்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்று கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. அதனால் மூன்று கால் சத்தமில்லாமலும் ஒரு கால் டொக்கென்றும் வைத்து, சத்தமில்லாமல் சத்தமில்லாமல் சத்தமில்லாமல் டொக்கென்று, அவசரப்படாமல், யாரையும் இடிக்காமல் அது வந்தது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். நூல் மூட்டை ஏற்றி வந்த மொபெட்காரர் ஹாரன் அடித்தார், கட்டில் ஓரம் போனது. ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. இது எப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் கேட்டது வேறு.

“ஏனுங்க ஈஸ்வரி, மஞ்சக்காமாலைன்னுல்ல சொன்னீங்க?” என்றாள் பக்கத்து வீட்டு ரங்கநாயகி, தலைமாட்டு எழுத்தை வாய்க்குள்ளேயே இரண்டு முறை படித்துவிட்டு. “வாரா வாரம் வாய்க்கா மேட்டுல குனிஞ்சு குனிஞ்சு கீழாநெல்லி பறிச்சுக் குடுத்தனே, அதையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டுனீங்க?”

ஈஸ்வரி செய்த ஒரு சரியான காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் தப்பு. மார்கழியில் ஒரு காலை, மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாமலும் தூங்காமலும் பேச்சுக் குறைந்துபோய்க் கிடந்த கோகிலவாணி, காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, “அம்மா, எனக்கு இருக்கவே வேண்டாம் போல இருக்கு” என்று, சர்க்கரை தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொன்னாள். ஈஸ்வரி தறியை நிறுத்தினாள். திட்டவில்லை. திருநீறு தேடவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள், அந்தப் பிடி ஆஸ்பத்திரி வாசல்வரை தளரவில்லை. இதைச் செய்யத் தெரிந்தவளுக்கு, துணி எடுத்துப் போக வீட்டுக்கு வந்தபோது ரங்கநாயகி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மஞ்சக்காமாலைங்க என்றாள்.

மஞ்சக்காமாலையை எங்கள் ஊர் எப்படிப் பார்த்துக்கொண்டது தெரியுமா? கீழாநெல்லி வந்தது, கரும்புச் சாறு வந்தது, வார்டு கவுன்சிலர் வீட்டிலிருந்து இளநீர்க் குலை வந்தது, உப்புக் காரம் இல்லாமல் சமைப்பது எப்படி என்று ஒன்பது பெண்கள் ஒன்பது விதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள், கோகிலவாணி நல்லபடி வந்தால் தீச்சட்டி எடுப்பதாக ஒருத்தி வேண்டிக்கொண்டாள். அவ்வளவும் ஈரலுக்கு. கட்டில் வந்த அன்று சாயங்காலம் இளநீர் நின்றது. தீச்சட்டிக்காரி, வேண்டுதல் வேறு நோய்க்கானது என்பதால் அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் ‘பாவம்’ என்றார்கள். பாவம் என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் எங்கோ போய்ப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், அந்தச் சொல்லின் கடைசி எழுத்தும் தாழ்ப்பாளும் ஒன்றாகத்தான் விழும்.

கட்டில் வாசலில் நின்றது. கோகிலவாணி கடைக்குப் போனால் பின்னாலேயே போனது, குளிக்கப் போனால் குளியலறைக்கு வெளியே நின்றது. அவள் அதைத் தொடவில்லை. உள்ளே வெறுந்தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். மூன்றே நாளில் வீதி கட்டிலுக்குப் பழகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி அதன்மேல் வடகம் காயவைத்தாள். சின்னப் பிள்ளைகள் ஏறி டிக்கெட் டிக்கெட் என்று பஸ் விளையாடினார்கள். நூல்கோன் மூட்டையை இறக்கி வைக்க அர்த்தநாரிக்கே அது தோதாக இருந்தது. கட்டிலுக்குப் பழகியவர்கள் பெண்ணுக்குப் பழகவில்லை. டொக் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தினார்கள், தாண்டிப் போனதும் தொடர்ந்தார்கள். பையன்கள் அவளுக்குக் கட்டில்காரி என்று பெயர் வைத்தார்கள்.

“கொஞ்சம் வேப்பெண்ணெய தடவுனா அந்தச் சத்தம் வராது ஈஸ்வரி,” என்றாள் ரங்கநாயகி ஒருநாள், தாழ்ந்த குரலில். “நாங்க அப்படித்தான்...” என்று ஆரம்பித்து, “நான் கேள்விப்பட்டிருக்கேன்” என்று முடித்து, அடுப்பில் பால் வைத்திருப்பதாகப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு கட்டில் வந்தது. பதினைந்தாம் நம்பர். அதன்மேல் சம்மணம் போட்டு, துப்பட்டாவைக் காற்றில் விட்டுக்கொண்டு, ஷிஃபானா உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணியின் வயதுதான், பதினேழு. வார்டில் பக்கத்துக் கட்டில். கோகிலவாணிக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள்.

“என்னடி பதினாலு, கட்டிலை வாசல்ல காயப்போட்டுட்டு நீ தரையில உக்காந்திருக்க?”

“நீ என்னடி பதினஞ்சு, சாமி ஊர்வலம் மாதிரி மேலயே வர்ற?”

“எறங்க முடியலடி.” ஷிஃபானா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “பன்னெண்டு நாளாச்சு. காலைக் கீழ வெச்சா தரை இருக்காதுன்னு தோணுது. அத்தா தட்டை மேலயே கொண்டாந்து வைக்கிறாரு. அக்கம்பக்கத்துல கேட்டா, பொண்ணுக்குக் கால்ல எலும்பு முறிவுங்கிறாரு.”

“எனக்கு ஏற முடியல. ஏறினா திரும்ப அங்கயே போயிருவேனோன்னு பயமா இருக்கு.”

“எவ்வளவு?” என்று கேட்டாள் ஷிஃபானா.

கோகிலவாணி ஏழு விரல் காட்டினாள். ஷிஃபானா எட்டு காட்டினாள்.

“ரெண்டும் சேர்த்தா பதினஞ்சு. என் நம்பர். நான்தான் ஜெயிச்சேன்.”

இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து கோகிலவாணி அந்த வீட்டில் சிரித்த சத்தம் கேட்டு, தறியில் நின்றிருந்த ஈஸ்வரி இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நின்றாள்.

விரல் கணக்கு வார்டின் பழக்கம். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆண் பிள்ளைகள் பக்கத்திலிருந்து கம்பிக் கதவு வழியாகப் பெண் பிள்ளைகள் பக்கத்துக்கு, போகிறவர்களிடமிருந்து வருகிறவர்களுக்கு, வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு கம்பிக் கதவைச் சாத்தும்போது எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளே எவ்வளவு கனக்கிறது என்று விரலில் காட்டுவார்கள். ஒன்று என்றால் லேசு. ஐந்து என்றால் தாங்கலாம். பத்து விரலும் விரிந்தால் என்னைத் தனியாக விடாதே என்று அர்த்தம். பத்து காட்டியவரின் கால்மாட்டில் ஒருவர் போய் உட்கார வேண்டும், ஒருவர் நர்ஸைக் கூப்பிட வேண்டும், எண் குறையும்வரை எழுந்திருக்கக் கூடாது. எல்லாம் சரியாப் போயிடும் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னவருக்கு மறுநாள் கேசரி கிடையாது, மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அன்று இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஷிஃபானா ஒரு காலைத் தரையில் வைப்பாள், அதே நேரத்தில் கோகிலவாணி பதினாலாம் நம்பரின் ஓரத்தில் ஒரு சாண் உட்காருவாள். இருபது எண்ணும்வரை. வைத்தாள், உட்கார்ந்தாள், இருவருக்கும் வேர்த்தது, பன்னிரண்டிலேயே ஷிஃபானா காலைத் தூக்கிவிட்டு, “உன் ஊர்த் தரை என்னடி இப்படிச் சுடுது” என்றாள். மறுநாள் இருபது. அதற்கு மறுநாள் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை. தினம் ஆறு மணிக்கு அவள் கட்டிலோடு பாலத்தைத் தாண்டி வந்தாள். இரண்டு கட்டில்களும் மாடுகள் மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு வாசலில் நிற்க, இரண்டு பெண்களும் அதன்மேல் கணக்குப் புத்தகத்தை விரித்துப் போட்டுப் படித்தார்கள், ஏனென்றால் கோகிலவாணியின் பிளஸ் டூ பரீட்சைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது, ஷிஃபானா அடுத்த வருஷம் எழுதுவதாக இருந்தாள்.

பரீட்சை எழுத வேண்டும். அந்த நாற்பத்தோரு நாளில் கோகிலவாணி தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான். எழுதலாம் என்று டாக்டரும் கடிதம் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத் தாளாளர் நாச்சிமுத்து வாங்கிப் படித்து, நான்காக மடித்து, அதாலேயே விசிறிக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்கு வீதி முனையில் மூன்று மாடி வீடு. ஒரே மகன் அபினேஷ் பெங்களூரில் படிக்கிறான் என்று இரண்டு வருஷமாக ஊருக்கே தெரியும்.

“பாருங்க அர்த்தநாரி, ஒம்பது வருசமா நம்ம ஸ்கூல்ல எல்லாரும் பாஸ். ரோட்டுல போர்டு வெச்சிருக்கேன். இந்தப் புள்ள பாதியில எந்திரிச்சுப் போயிருச்சுன்னா போர்டைக் கழட்டி உங்க வீட்லயா மாட்டறது? இது பின்னால கட்டில் வேற வருது. ஹால்ல எங்க போடறது?”

“கட்டில் பரீட்சை எழுதாதுங்க சார்,” என்றாள் கோகிலவாணி. “நான்தான் எழுதுவேன்.”

நாச்சிமுத்து அவளைப் பார்க்கவில்லை. இதுதான் எங்கள் ஊரின் இன்னொரு வித்தை, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிள்ளையைப் பற்றி அந்தப் பிள்ளை எதிரிலேயே, அது காது கேட்காத வீட்டுச் சாமான் என்பது மாதிரி அப்பாவிடம் பேசுவது. “கட்டிலை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க. அன்னிக்கே ஹால் டிக்கெட். இல்லீன்னா அடுத்த வருசம் வெளியில இருந்து எழுதட்டும்.”

அர்த்தநாரி பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டார். “ஏத்திட்டுப் போறேன், ஆனா மூணாம் நாள் திரும்பி வந்துருமுங்க” என்றார் அவர், வண்டியில் ஏற்றும்போதே. மூன்றாம் நாள் பால்காரருக்கு முன்னால் வந்து நின்றது. வெல்டிங் பட்டறை சம்பத்தைக் கூப்பிட்டார். “முட்டிக்கு மேல அறுக்கக் கூடாதுங்ணா. அறுத்தா ஒண்ணு ரெண்டா முளைக்கும்” என்றான் சம்பத். “உனக்கெப்படித் தெரியும்?” என்று கேட்டதற்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நெருப்பைப் பற்றவைத்தான். முட்டிக்குக் கீழே அறுத்தார்கள். மறுநாள் நான்கு காலும் இருந்தன, ரப்பர் இல்லாத கால் உட்பட.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது சைசிங் மில் களத்தில் வீதிக் கூட்டம் போட்டார்கள். ஒரு கட்டிலையே தாங்க முடியாத வீதியில் இன்னொரு ஊர்க் கட்டிலும் தினம் வந்து நின்றால் நாளைக்கு இங்கே பெண் பார்க்க எவன் வருவான் என்றார்கள். செல்போன்தான் காரணம் என்றார் ஒருவர். நம்ம காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்றார் இன்னொருவர், அவருடைய சொந்தத் தம்பி இருபது வயதில் என்ன ஆனான் என்று தெரிந்த நான்கு பேர் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நான்கு பேரும் உம் கொட்டினார்கள். அந்தப் பாய் வீட்டுப் புள்ளை இனி பாலம் தாண்டக் கூடாது என்று முடிவானது. கவுன்சிலரே போய் அவள் அத்தாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த முடிவை நாச்சிமுத்து சொன்னார். “அந்தப் புள்ள நடந்தாத்தான கட்டில் நடக்குது? புள்ளையக் கட்டிலோட சேர்த்துக் கட்டிட்டா ரெண்டும் ஒரு இடத்துல நிக்கும். பின்னாடி ரூம்ல போட்டுருங்க. அஞ்சடிச் சங்கிலி போதும். ஆறடி வாங்காதீங்க, ஆறடின்னா ஜன்னல் எட்டிரும்.”

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அர்த்தநாரி கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் கெட்டவர் என்று யாருமே இல்லை, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது, இருந்திருந்தால் அவர்களைக் கை காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். மகளை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அஞ்சடிச் சங்கிலியையும் பூட்டையும் மஞ்சள் பையில் போட்டு வாங்கி வந்து, தறிமேல் வைத்துவிட்டு, “பரீட்சை முடியற வரைக்கும்தான் கண்ணு” என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார். எந்தப் பரீட்சை முடிகிறவரைக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

கோகிலவாணி பையைப் பார்த்தாள். மொட்டை மாடிக்கு ஏறினாள். கட்டில் படியடியில் நின்றது.

அது தண்ணீர் வருகிற நாள். வீதி முழுக்கக் குடங்களும் ஆட்களுமாக இருந்தது. ஸ்கூல் வேன் நின்றிருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாடிக் கைப்பிடிச் சுவரின் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள் கோகிலவாணி. தன் வாழ்நாளில் அதைவிடத் தெளிவாக அவள் எதையும் சொன்னதில்லை.

வீதியே அவளுக்குக் கையாட்டியது.

பால்காரர் கையாட்டினார். வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் “டாட்டா அக்கா!” என்று கத்தினார்கள். கவுன்சிலர் புல்லட்டை நிறுத்திக் கையாட்டிவிட்டுப் போனார். “பாரு, பாரு, புள்ள நல்லாயிருச்சு, சிரிச்ச முகமா டாட்டா காட்டுது” என்று ரங்கநாயகி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பாசமாக, இரண்டு கைகளாலும் ஆட்டினாள். கோகிலவாணி சிரிக்கவில்லை. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தார்கள். அவள் கைகளை இன்னும் உயரத் தூக்கினாள், அதற்கும் சேர்த்து ஆட்டினார்கள். முக்கால் வீதி ஒரு பெண் மூழ்குவதைப் பார்த்து ஊருக்குப் போகிறவளை வழியனுப்புவது போல் கையாட்டிக்கொண்டு நின்றது.

அப்போது மூன்று மாடி வீட்டின் மேல்மாடியில், அட்டை வைத்து அடைத்திருந்த ஜன்னலில், அட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது. அது ஆடவில்லை. ஐந்து விரலை விரித்தது, மடக்கி மறுபடி மூன்றை விரித்தது. எட்டு. உன்னைப் பார்த்துவிட்டேன், எனக்கு இன்று எட்டு.

ரங்கநாயகி வீட்டுப் பின்னறை வென்டிலேட்டரில் இன்னொரு கை. சம்பத்தின் பட்டறைப் பரணில் ஒன்று. கவுன்சிலர் வீட்டு மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் இடுக்கில் ஒன்று. பழைய இரும்புக் கடைக்குப் பின்னால். டீக்கடை மாடியில். பதினோரு கைகள். ஆறும் ஒன்பதும் நான்குமாக, ஒன்றுகூட ஆடாமல்.

பிறகு சத்தம் கேட்டது. சத்தமில்லாமல் சத்தமில்லாமல் சத்தமில்லாமல் டொக். வீதியில் இல்லை, வீடுகளுக்குள்ளே. பூட்டிய அறைகளுக்குள்ளிருந்து, வேப்பெண்ணெய் தடவி ஊமையாக்கி வைத்திருந்த கட்டில்கள் எழுந்து, தலைமாட்டுக் கம்பியால் கதவுகளை முட்டின. முதல் முட்டில் தாழ்ப்பாள்கள் ஆடின, மூன்றாவது முட்டில் பெயர்ந்தன.

பதினாலாம் நம்பர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது ஏன் ஒருவரும் வாய் பிளக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? எல்லோர் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஈஸ்வரியின் குற்றம் கட்டில் வந்ததல்ல, அதை வீதியில் விட்டது.

பெங்களூரில் படிக்கிற அபினேஷ், கட்டில் காலில் அறுந்த ஆறடிச் சங்கிலி இழுபட, மூன்றாம் நம்பர் கட்டிலோடு மாடிப்படி இறங்கினான். சேலத்து ஹாஸ்டலில் இருக்கிற ரங்கநாயகியின் மகள் ரித்திகா, பதினைந்து வயது, ஒன்றரை வருஷமாக வெயில் படாத கால்களோடு, அம்மா கையாட்டிக்கொண்டு நின்ற இடத்தைத் தாண்டி நடந்தாள். ரங்கநாயகியின் கைகள் மேலேயே நின்றுவிட்டன. மாமன் வீட்டில் இருந்தவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள், துபாய்க்குப் போன பதினெட்டு வயதுக்காரன், எல்லோரும் பத்தடி தூரத்திலிருந்து வந்தார்கள்.

கீழே பன்னிரண்டு கட்டில்கள் நிற்க, மேலே பதினோரு பேர் கோகிலவாணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதுதான் சட்டம். ரித்திகா ஈஸ்வரியின் செல்போனை வாங்கி வார்டுக்கே போன் போட்டாள், நம்பர் அவளுக்கு மனப்பாடம். நர்ஸ் முக்கால் மணி நேரம் பேசினாள், சாயங்காலம் மாத்திரையோடு டாக்டரைப் பார்க்க வரச் சொன்னாள். எல்லாம் சரியாப் போயிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரோ முறுக்கு கொண்டு வந்திருந்தார்கள். அபினேஷுக்கு வெளிச்சம் கூசிக் கண்ணில் நீர் வழிந்தது, “அழுவறியா?” என்று ரித்திகா கேட்டாள், “சூரியனைப் பாத்து ரெண்டு வருசமாச்சு, கொஞ்சம் மாறிட்டாப்ல இருக்கு” என்றான். எண் பத்திலிருந்து ஒன்பதானது. ரொம்ப நேரம் ஒன்பதிலேயே நின்றது. வெயில் உச்சிக்கு வந்தபோது ஏழு.

அப்போதுதான் ஷிஃபானா வந்தாள். கட்டில் பின்னால் வர, முன்னால் நடந்து வந்தாள், வெறுங்காலோடு, பாலம் முழுக்க.

“நடந்தேவாடி வந்த?”

“கட்டில் மெதுவாப் போச்சு. பொறுமை இல்லை.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “எங்க ஊர் வரைக்கும் டொக்கு டொக்குன்னு கேக்குது. பதினாலுக்கு என்னமோன்னு தெரிஞ்சுபோச்சு.” பிறகு தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, “தரை இருக்குடி,” என்றாள். “ஆனா கொப்புளம் போட்டுருச்சு.”

இரண்டு மணிக்கு அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பதின்மூன்று பேர், பதின்மூன்று கட்டில்கள். ஈஸ்வரி முன்னால் போனாள், மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. மார்கழியில் பிடித்த மாதிரியே மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன், கள்ளமில்லாத மனுஷன், எழுந்து நின்றார். “அட தம்பி! பெங்களூர்ல இருந்து எப்ப வந்தீங்க?”

“மூணாவது மாடியில இருந்துங்கண்ணா,” என்றான் அபினேஷ்.

நாச்சிமுத்து ஆபீஸை விட்டு ஓடி வந்தார். அந்த முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “வீட்டுக்குப் போடா. எல்லாரும் பாக்கறாங்க.”

அபினேஷ் விரலைக் காட்டினான். “இது எட்டுப்பா. ரெண்டு வருசமா எட்டு. சோறு கொண்டாந்து வெச்சீங்க, ஏசி போட்டுக் குடுத்தீங்க. எவ்வளவுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

நாச்சிமுத்து இரும்புக் கேட்டைப் பிடித்து இழுத்துச் சாத்தப் பார்த்தார். ஈஸ்வரி பையைத் திறந்தாள். சங்கிலியை எடுத்துக் கேட்டின் கம்பியில் நுழைத்து, இழுத்து, திறந்தபடியே இருக்கும்படி காம்பவுண்டுத் தூணோடு சுற்றிப் பூட்டைப் போட்டு, சாவியைச் சாக்கடைக்குள் எறிந்தாள்.

“அஞ்சடி சரியா இருக்குதுங்க சார்,” என்றாள்.

ஹால் டிக்கெட்டை நாச்சிமுத்து கொடுக்கவில்லை. ஆபீஸ் கிளார்க் ஒருவர், யாரிடமும் கேட்காமல், பீரோவைத் திறந்து எடுத்துக் கொண்டு வந்து கோகிலவாணியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, விரலை மறைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஐந்து காட்டினார். அவருக்கு நாற்பது வயதிருக்கும்.

ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த வாரமே இரண்டு வீட்டில் பெரிய தாழ்ப்பாளாக வாங்கி மாட்டினார்கள், அதுவும் நிற்கவில்லை. சங்கிலி வாங்கி வந்த கையை அர்த்தநாரி இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார், கோகிலவாணி இன்னும் அவரிடம் சரியாகப் பேசவில்லை, பேச வேண்டும் என்று அவளை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ரங்கநாயகி மட்டும் ஒருநாள் வந்து, ரித்திகாவும் அந்தப் பிள்ளைகளோடு சாயங்காலம் உட்காரட்டும் என்றாள், கையில் என்ன கொண்டு வருவது என்று தெரியாமல் கீழாநெல்லியே கொண்டு வந்திருந்தாள். ஈஸ்வரி அதை வாங்கிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

பரீட்சை அன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில், வேப்பமரத்தடியில், பதின்மூன்று கட்டில்களும் வரிசையாக நின்றன. பன்னிரண்டில் ஆள் இருந்தது. கேட் திறந்தே இருந்தது, பூட்டை அறுக்க சம்பத்தைக் கூப்பிட்டதற்கு அவன் கேஸ் தீர்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தான். ஹாலில் ஜன்னலோரம் கோகிலவாணியின் இடம். பத்தே முக்காலுக்கு, ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றின் நடுவில், பேனா நின்றது. எழுத்தெல்லாம் தூரமாகப் போவது மாதிரி இருந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஷிஃபானா கட்டிலில் படுத்து, ஆகாயத்துக்கு நான்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். அபினேஷ் ஏழு. ரித்திகா ஐந்தா ஆறா என்று முடிவு செய்ய முடியாமல் ஒரு விரலைப் பாதி மடக்கி வைத்திருந்தாள்.

கோகிலவாணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

“ஏம்மா, கையக் கீழ போடு,” என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர். “என்ன சந்தேகம்? எந்திரிச்சுக் கேளு.”

“சந்தேகம் ஒண்ணும் இல்லீங்க சார்,” என்றாள் கோகிலவாணி, கையைக் கீழே போடாமல். “ஆறு.”